யாழினி யாரிடம் ஓடினாள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல இருட்டி, வராமலே போயிற்று. மொபைல் ஸ்டாண்ட் வாங்கியாயிற்று. மறந்தது: டயபர், தேங்காய்.

கைடு மேடம் ஆய்வுத் தலைப்பை ஒத்துக்கொண்டார்: ‘தாயின் பிரிவும் வருகையும்: இரண்டு வயதுக் குழந்தைகளின் எதிர்வினை’. செய்முறை எளிது. அம்மாவும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். பழக்கமில்லாத ஒரு பெண் உள்ளே வருவாள். அம்மா எழுந்து வெளியே போய், சற்று நேரம் கழித்துத் திரும்பி வருவாள். அப்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஓரிக்கை அங்கன்வாடியில் அம்மாக்கள் சரி என்றுவிட்டார்கள்.

“முதல்ல உங்க வீட்லயே ஒரு தடவை எடுத்துப் பாருங்க, சுமதி” என்றார் மேடம்.

வீட்டில்தான் ஆள் இருக்கிறாளே. என் யாழினி.

மாலை வந்தபோது அவள் செல்வி அக்கா மடியில். அக்கா என் கணவரின் அண்ணி. கல்யாணமாகிப் பல வருடம், குழந்தை இல்லை. கடைகளிலிருந்து வரும் பட்டுப்புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் முடிந்து கொடுக்கிறார். நான் எம்.எஸ்ஸி. சேர்ந்ததிலிருந்து குழந்தையையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். “குளிச்சாச்சு, சாப்ட்டாச்சு. நீ போய் காபி குடிமா” என்றார்.

நல்லவர்தான். பிறகு ஏன் எனக்கு எரிகிறது?

ஜூலை 8, செவ்வாய்

பதிவு. பழக்கமில்லாத பெண்ணாக என் வகுப்புத் தோழி நிவேதா. அக்காவைப் பின்கட்டில் இருக்கச் சொன்னேன்.

எழுந்து வெளியே போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். யாழினி அழுதாள். எழுதவே வெட்கம்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே போய்க் கையை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள். என்னையல்ல, எனக்குப் பின்னால். அழுகை பொறுக்காமல் செல்வி அக்கா ஓடிவந்திருந்தார், விரலில் பட்டுநூல் சுற்றியபடியே. “பெரிம்மா!” என் கைக்குக் கீழே புகுந்து ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அய்யோ, நான் வரக்கூடாதா? கொழந்த அழுதுக்கினே இருந்துச்சேமா...”

நிவேதா மெதுவாக: “கேமரா ஓடிக்கினு இருக்குதுடி. நிறுத்தட்டா?”

அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த முகம். என்னைப் பார்த்து எப்போதாவது அப்படி மலர்ந்திருக்கிறாளா?

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். அடுப்படியில், அக்கா குழந்தைக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது.

“இனிமே நானே ஊட்டிக்கிறேன்கா. எல்லாத்துக்கும் உங்களையே தேடுறா. பெத்தவ யாருன்னு அவளுக்குத் தெரியணும்ல?”

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். கை கழுவினார்.

“தெரியும்மா அவளுக்கு. எனக்கும் தெரியும்.”

அவ்வளவுதான். மத்தியானம் தன் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஆரணி பஸ் ஏறிவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் கேட்டார், “அண்ணிகிட்ட என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

பொய். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும். இனி இவள் எனக்கு மட்டும்.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை. யாழினியையும் தூக்கிக்கொண்டு ஓரிக்கை. டவுன் பஸ் முழுக்க அழுகை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், பிள்ளை பிடிப்பவளைப் பார்ப்பது போல.

அங்கன்வாடியில் பதிவின்போது அம்மா திரும்பி உள்ளே வர, ஒரு குட்டிப் பையன் விழுந்தடித்து ஓடிப்போய் அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்தான். அவளோ சலித்துக்கொண்டாள்: “உட்டா போதும்னு இருக்குதுக்கா. பாத்ரூம் கூட போக உடமாட்டேங்குது.” அறையலாம் போல இருந்தது.

வீடு திரும்பியும் யாழினி சோறு தொடவில்லை. பாலைத் தட்டிவிட்டாள். கதவு சத்தம் கேட்ட போதெல்லாம் ஓடினாள். கேஸ்காரர் வந்தார். பக்கத்து வீட்டம்மா வந்தார். ஒவ்வொரு முறையும் ஏமாந்து திரும்பிய முகம். பிரிவைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன் நான்.

ஜூலை 11, வெள்ளி

மேடம் வீடியோவைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. பயந்தா யார்கிட்ட ஓடணும்னு குழந்தைக்குத் தெளிவாத் தெரியுது.”

“அது நான் இல்லையே, மேடம்.”

“உங்ககிட்டயும் வருவா. ஒருத்தர்கிட்டதான் ஒட்டணும்னு இருக்கா என்ன? இவங்க யாரு?”

“பெரியம்மா.”

“குடுத்து வச்ச குழந்தை. இவங்க கூடவே இருக்காங்கல்ல?”

மொபைலை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

“தலைப்புல ‘தாய்’ வேணாம். ‘வளர்ப்பவர்’னு போடுங்க. ஓரிக்கையிலயும் பகல்ல யார் பாத்துக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க.”

பேனாவால் அடித்தேன். ஒரே ஒரு சொல்.

ஜூலை 12, சனி

சுள்ளென்ற வெயில். ஆரணி.

அக்கா வாசலுக்கு வந்தார். “ஏம்மா, இந்த வெயில்ல கொழந்தயத் தூக்கிக்கினு வந்த?” சொல்லி முடிப்பதற்குள் யாழினி என் இடுப்பிலிருந்து தாவிவிட்டாள்.

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். “அவ சாப்பிடலக்கா” என்பதுதான் வாயில் வந்தது.

“நீ சாப்ட்டியா?”

அழுதுவிட்டேன். “நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

“கோவம்னா திட்டிடு சுமதி. கொழந்தய மட்டும் கண்ணுல காட்டாம இருக்காத” என்றார். பிறகு, “உன் கொழந்ததான், இல்லன்னு சொல்லல.”

நம்ம குழந்தை என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை. பொய் சொல்வானேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா, அவர் மடியில் யாழினி, பக்கத்தில் நான். அவள் கால் மட்டும் என் மடியில். செய்யாறு தாண்டியதும் சாலையோரம் ஆட்டு மந்தை.

“அம்மா, ஆடு!”

இரண்டு பேருமே குனிந்தோம். அக்கா என்னைவிட முந்திவிட்டார். அடுத்த கணமே உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார், ஒன்றுமே நடக்காதது போல. காது மடல் சிவந்திருந்தது.

“எத்தனை ஆடு? பெரிம்மாகிட்ட எண்ணச் சொல்லு” என்றேன். அக்கா எண்ண ஆரம்பித்தார்.