விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளி டாலர்

12 மார்ச், செவ்வாய்

போன வாரம் வந்த கிள்ளான் அக்கா இன்று மறுபடியும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் பழைய நாணயக் கடைக்கு வந்தார். அவருடைய பழைய வெள்ளி டாலரைத் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பலாம், நல்ல விலை போகும் என்று அப்போது நான்தான் சொன்னேன். டிஷ்யூவைப் பிரித்தார். நாணயம் பளபளத்தது.

"விபூதி போட்டுத் தேய்ச்சேன் தம்பி. தரம் எழுதி டப்பாவுல போட்டு மூடிட்டா அப்புறம் யாரும் தொட முடியாதுன்னு சொன்னீங்கல்ல?"

நாணயத்தில் பழைய கறுப்பு அப்படியே இருக்க வேண்டும். தேய்த்த நாணயத்துக்குத் தரம் தர மாட்டார்கள் என்றேன்.

"அப்ப என்னதான் எழுதுவாங்க?"

"சுத்தம் செய்யப்பட்டதுன்னு எழுதுவாங்க அக்கா."

"நல்லதுதானே லா."

பாதி விலைகூட வராது என்று விளக்கினேன். மகனைக் காலேஜில் சேர்க்க இதைத்தான் நம்பியிருந்தார். நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திரும்பக் கறுத்துடுமா தம்பி?"

"கறுக்கும் அக்கா. ரொம்ப வருஷம் ஆகும்."

"அதுக்குள்ள அவன் படிச்சே முடிச்சிருவான் லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எத்தனை வருடம் ஆனாலும் விபூதி இழுத்த கீறல்கள் போகாது. அதை நான் சொல்லவில்லை. அவர் நாணயத்தை டிஷ்யூவில் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார், கறுக்க வைப்பதற்கு.