நான் அளக்காத பதினொரு நாள்

ஜனவரி 12
காலை எட்டு மணி: 41 சென்டிமீட்டர். மாலை நாலு மணி: 41. இடது முழங்கால்: அளவுக்கு அடங்காது.
ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவனுக்குக் கிடைத்த வேலை, ஓடையில் நட்ட அளவுக்கம்பியைப் பார்த்து எண் எழுதுவது. மலைமேல் நீர்த்தேக்கம் கட்டலாமா, கூடாதா என்று அணைத் துறைக்காரர்கள் ஒரு வருடமாகப் பார்க்கிறார்கள். நான் கம்பியைப் பார்க்கிறேன்.

ஜனவரி 20
பொறியாளர் அம்மா என் அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். "நாலு ஓடையிலயும் உங்க புத்தகம்தான் சார் சுத்தம். ஒருநாள்கூட விடுபடல." சாராகிய நான் டீயைக் கீழே வைத்தேன்.
போன ஏப்ரல் 9 முதல் 19 வரை சார் மலையிலேயே இல்லை. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தேன். திரும்பி வந்து பதினொரு நாளையும் ஒரே மூச்சில் எழுதினேன். 22, 22, 21, 22. நடுவில் ஒரு 21 போட்டேன் பாருங்கள், அது மூளை. பரீட்சையில் வராத மூளை.

ஜனவரி 21
கொஞ்சம் தண்ணீர் முன்னே பின்னே. யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 2
கீழே மாடு வைத்திருக்கும் பால்காரரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், போன ஏப்ரலில் ஓடை எப்படி என்று.
"என்னண்ணே, மேலயே இருந்துகிட்டு என்னைக் கேக்கறீங்க? பத்து நாள் சுத்தமா நின்னு போச்சே, அப்புறம் மழை வந்துதானே ஓடுச்சு."
"ஆமாமா, மறந்துட்டேன்."
"ஓடையையா?"

பிப்ரவரி 9
அறிக்கையின் வரைவு வந்துவிட்டது. பொறியாளர் அம்மா படித்துக் காட்டினார். "கடுங்கோடையிலயும் இருபத்தொண்ணுக்குக் கீழ போகல. மேல தேக்கினாலும் கீழ மூணு ஊருக்கும் மீனுக்கும் விட மிச்சம் இருக்கும். கட்டலாம்னுதான் எழுதியிருக்கேன்."
அந்த இருபத்தொன்றையா மூன்று ஊர் குடிக்கப்போகிறது?
சொல்லிவிட வாயெடுத்தேன். "இன்னொரு டீ சொல்லட்டுமா மேடம்" என்றுதான் வந்தது.

பிப்ரவரி 10
மனைவியிடம் சொன்னேன். "வேலை போயிடும்" என்றாள். ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.
அவள் சொல்லி, மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா, என்னைச் சாக்கு வச்சா பொய் எழுதினீங்க? லீவு கேட்டா குடுத்திருக்க மாட்டாங்களா?"
கேக்கணும்னே தோணலடி. நீ கண்ணு முழிப்பியான்னுதான் — இதை இங்கேதான் எழுத முடிகிறது.

பிப்ரவரி 11
பொறியாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஸ்கேல் வைத்து, பதினொரு வரியையும் ஒவ்வொன்றாகச் சிவப்பில் அடித்தார்.
"இது போனா கோடையைப் பத்தி எழுதினது மொத்தமும் போச்சு. இன்னொரு ஏப்ரல் அளந்தாகணும்."
"யாரு மேடம் அளப்பாங்க?"
"நீங்கதான். தினம் ரெண்டு வேளை கம்பியோட போட்டோ வேணும். ஏப்ரல் முடிஞ்சா உங்களை வச்சுக்க முடியாது."
நியாயம்தான். அசதியாக இருக்கிறது.

மார்ச் 27
23. போட்டோவில் கம்பியை விட என் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது. மறுபடி ஏறினேன். முழங்கால் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 10
பூஜ்யம். கம்பியைச் சுற்றிக் கல்தான்.

ஏப்ரல் 11
பூஜ்யம்.

ஏப்ரல் 24
பதினைந்தாவது நாளாகப் பூஜ்யம். பொறியாளர் அம்மா தானே ஏறி வந்து காய்ந்த கல்மேல் உட்கார்ந்தார். "கட்டலாம்ங்கற வரியை எடுத்துட்டேன் சார்" என்றார் போகும்போது. இன்னும் சார்தான்.

ஏப்ரல் 30
புத்தகத்தை ஒப்படைத்தேன்.

மே 2
வேலை இல்லை. ஆனாலும் நாலு மணிக்குக் கால் தானாக மலையேறிவிட்டது. மேலே சுனையிலிருந்து பால்காரர் மாடுகளுக்காக இரண்டு குடத்தில் தண்ணீர் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன்.