கறுப்பு டேப்பும் என் இரண்டு வயதுகளும்

நேற்று மதியம் ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் உன் ஞாபகம் வந்தது. யூட்யூபில் எதையோ பார்த்துவிட்டு, அக்கா சின்ன வெங்காயத்தை உரித்து வினிகரில் ஊறப்போட்டிருந்தாள். வெங்காயமும் அமிலமும் சேர்ந்த அந்தப் புளித்த நெடி எம்.ஃபில். படித்த காலம் முழுக்க நம் சட்டைகளில் இருந்தது. வெங்காய வேரின் நுனியை நறுக்கி, அசிட்டிக் அமிலம் கலந்த சிவப்புச் சாயத்தில் போட்டு, கண்ணாடிக்கு நடுவே கட்டைவிரலால் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் செல்களை எண்ணிக்கொண்டிருப்போம். உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை.

"என்னடா, வாசல்லயே நின்னுட்ட?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. ஒருத்தன் ஞாபகம்."

"டேப் ஒட்டுறவரா?"

உன்னை அவளுக்கு முன்பே தெரியும். டேப் விஷயம்தான் போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அவளுக்கு மட்டுமில்லை, அவள் காலனிக்கே தெரிந்துவிட்டது. நீ செத்துப்போய் இரண்டு வருஷம் ஆன பிறகு உனக்கு இப்படி ஒரு பேர் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எதை மன்னிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். உனக்கு அது எப்போதுமே புரிந்ததில்லை. மூலிகைச் சாற்றில் வளர்த்த வெங்காய வேரில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன என்று நான் எண்ணி முடித்திருந்தேன். கருத்தரங்கில் வாசிக்கக் கட்டுரையும் தயார். நீ எட்டிப் பார்த்தாய்.

"மச்சான், எந்த ஸ்லைடு சாத்துல வளர்ந்தது, எது தண்ணியிலன்னு உனக்கு எண்ணும்போதே தெரியுமா?"

"பின்னே? லேபிள் எழுதினதே நான்தான்."

"அப்போ எண்ணினது உன் கண்ணு இல்லடா. உன் ஆசை."

கரண்ட் கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்து, ஒவ்வொரு லேபிள் மீதும் ஒட்டி, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து என் முன்னால் வைத்தாய். மறுபடி எண்ணினேன். டேப்பைப் பிரித்துப் பார்த்தால் சாற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாய். கட்டுரை போயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவன் யார் தெரியுமா? நம்மோடு படித்த 'பவுடர்'. முகத்திலிருந்து கழுத்துவரை பவுடர் அடித்துக்கொண்டு வருவானே, அவன்தான். பல வருஷம் கழித்து, நான் பாடம் நடத்திய கல்லூரியில் எனக்கு வந்திருக்க வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் அவனே உட்கார்ந்தான். உன்னிடம் நான் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். நீ குரோம்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாய்.

நடுவில் ஒரே ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டேன். அக்கா மார்பில் கட்டி. ஊசியால் எடுத்த சாம்பிள் உன் கூடத்துக்குத்தான் வந்திருந்தது. "ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லுடா" என்று ஏறக்குறையக் கெஞ்சினேன். நீ, "தெரியாது மச்சான். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். அந்தத் 'தெரியாது'வுக்காக உன் மேல் இன்னொரு கோபம் சேர்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே, "புற்றுதான். ஆனா சீக்கிரம் பிடிச்சிருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்றாய். அக்கா பிழைத்தாள். உனக்கு நன்றி சொன்னேனா? ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

பவுடர் ஓய்வுக்கு முன்பே கல்லூரியை விட்டுவிட்டு ஒரு கம்பெனிக்கு 'அறிவியல் ஆலோசகர்' ஆகிவிட்டான். அவர்கள் விற்பது முதுமையைத் திருப்புகிற மாத்திரை. வெளிநாட்டில் இன்னும் சோதனையில் இருக்கிறதாம். நாமாக இருந்தால் 'இன்னும்' என்ற சொல்லில் நின்றிருப்போம். அவன் அதையே விளம்பரமாக்கினான்: உலகத்துக்கு வருமுன் உங்களுக்கு. ஒவ்வொரு பகுதியிலும் முகாம் போட்டு, ரத்தம் எடுத்து, 'செல் வயது' என்று ஒரு எண் கொடுப்பார்கள். அறுபது வயது அக்காவுக்கு எழுபத்தொன்று என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை டப்பாவும் வாங்கியாயிற்று. அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை நல்ல நாள், ஆரம்பிக்கப்போகிறேன் என்றாள்.

எனக்குப் பதறியது. குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர், செல் பிரியப் பிரியக் குட்டையாகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் குட்டையானால் செல் பிரிவதை நிறுத்திவிடும். பெரும்பாலான புற்றுச்செல்கள் அப்படி நிற்பதில்லை. நுனியைத் திரும்ப வளர்க்கிற நொதியை விழிக்க வைத்துக்கொண்டு பிரிந்துகொண்டே இருக்கும். இந்த மாத்திரை விழிக்க வைப்பதாகச் சொல்வதும் அதே நொதியைத்தான். புற்றிலிருந்து மீண்டு வந்த ஒருத்தியின் உடம்பில் எங்கேயாவது ஒரு செல் ஒளிந்திருந்தால்?

சொன்னேன். அக்கா கேட்கவில்லை.

"அவர் உன் காலேஜ் ஹெச்.ஓ.டி.தானே? அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? நீ பொறாமையில பேசுற."

"அக்கா, பொறாமை வேற, இது வேற."

"உனக்கு எல்லாம் ஒண்ணுதான்டா. இருபது வருஷமா அந்த ஆளைத் திட்டாம நீ ஒரு நாள் இங்க காப்பி குடிச்சிருக்கியா?" பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "கீமோ என்னைப் பத்து வருஷம் கிழவியாக்கிடுச்சு. அந்தப் பத்து வருஷத்தைத்தான் திருப்பிக் கேக்கறேன். தப்பா?"

நான் சொல்லும் உண்மைகூட என் வாயிலிருந்து வரும்போது கசப்பாகத்தான் தெரியும். ஆள் யார் என்று பார்க்காத ஒரு சாட்சி வேண்டும். அப்போதுதான் உன் டேப் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் பல்லாவரம் முகாமில் என் பெயரில் ரத்தம் கொடுத்தேன். பஸ் பிடித்துப் பத்து மணிக்குத் தாம்பரம் முகாமில், வீட்டில் கூப்பிடும் பெயரில், அதே கையிலிருந்து மறுபடி கொடுத்தேன். சில நாளில் இரண்டு அறிக்கையும் வந்தன. பல்லாவரத்து அறிக்கையில் என் செல் வயது அறுபத்து மூன்று, தாம்பரத்து அறிக்கையில் ஐம்பத்திரண்டு. முடிச்சூர் சாலையில் ஒரு கடையில் கறுப்பு டேப் வாங்கினேன்.

ஞாயிறு காலை காலனிச் சங்கக் கட்டிடத்தில் பவுடர் பேசினான். தலைக்கு அடித்த சாயம் காதோரம் வழிந்திருந்தது. "புடவைத் தலைப்புல குஞ்சம் கட்டலைன்னா இழை பிரிஞ்சு போயிடும் இல்லையா? டெலோமியர் அந்தக் குஞ்சம்தாம்மா" என்றான். பெண்கள் தலையாட்டினார்கள். அந்த உவமை என்னுடையது, வகுப்பில் நான் சொன்னது. அதையும் எடுத்துக்கொண்டுவிட்டான். எலிகளைப் பற்றிப் படம் போட்டான். நீ இருந்திருந்தால், "எலிக்கு என் வாழ்த்துகள், ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்டிருப்பாய்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "மானத்தை வாங்காதடா."

இரண்டு அறிக்கைகளையும் அவனிடம் நீட்டினேன். பெயர், தேதி, முகாம் எல்லாவற்றின் மேலும் டேப். "சார், இதைப் பாத்து மாத்திரை வேலை செஞ்சிருக்கான்னு சொல்லுங்க."

எண்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. மைக்கிலேயே சொன்னான்: "பிரமாதம்! பதினோரு வயசு குறைஞ்சிருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"டேப்பை நீங்களே பிரிங்க சார்."

பிரித்தான். அவன் படிக்கும்வரை காத்திருந்துவிட்டு நானே உரக்கச் சொன்னேன்: "ரெண்டும் என் ரத்தம். ஒரே நாள், ஒரே கை. எட்டு மணிக்குப் பல்லாவரத்துல, பத்து மணிக்குத் தாம்பரத்துல. மாத்திரையை நான் தொட்டதுகூட இல்ல."

மைக் செட் போட வந்தவர் பின்னாலிருந்து கேட்டார்: "இன்னா சார், பல்லாவரத்துலேர்ந்து தாம்பரம் வர்றதுக்குள்ள பதினோரு வயசு கொறஞ்சிச்சா? எந்த பஸ்ல வந்த, நம்பரைச் சொல்லு, நானும் ஏறிக்கிறேன்!"

கட்டிடமே அதிர்ந்தது. பவுடர், "சாம்பிள் கெட்டுப் போயிருக்கலாம்" என்று ஆரம்பித்தான். "அப்ப என்னோட எழுபத்தொண்ணு கெட்டுப் போகலைன்னு எப்படி சார் தெரியும்?" என்று ஒரு குரல். அக்காவின் குரல். அவள் எழுந்து நின்றிருந்தாள். அதற்குப் பிறகு வரிசையாக எல்லோரும் தங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். மச்சான், அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். துறைக் கூட்டத்தில் அவன் சிரித்த சிரிப்புக்கு வட்டியும் முதலுமாக வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் மடிக்கணினியை மூடிக்கொண்டு போவதை வாசல் வரை வந்து பார்த்தேன். டேப் யோசனை யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன்னைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்போ இது வேலையே செய்யாதா? ஒரேயடியாப் பொய்யா?"

'பொய்தான்' என்று சொல்ல வாய் திறந்தேன். பவுடரை மொத்தமாகப் புதைத்துவிடும் சொல். சட்டைப்பையில் டேப் உருளை நெஞ்சை உறுத்தியது. என் இரண்டு காகிதங்கள் அவர்கள் சோதனையை நம்பக் கூடாது என்று காட்டின, அவ்வளவுதான். மாத்திரையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. மீதியைச் சொல்ல வந்தது என் ஆசை.

"தெரியாதுக்கா" என்றேன். "என்னைக்காவது பலன் தரலாம். ஆராய்ச்சி நடக்குது. ஆனா உன்னை மாதிரி ஒருத்தி உடம்புல இது என்ன செய்யும்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அதனாலதான் வேண்டாம்கிறேன். உன் டாக்டரையும் கேட்டுடுவோம்."

அக்கா டப்பாவைக் கையில் எடுத்தாள். "தெரியாதுன்னு நீ சொல்லி இப்பதான்டா கேக்கறேன்" என்றாள். "இது பொறாமையில்ல."

டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டாள். டாக்டரும் தொடவே கூடாது என்றுதான் சொன்னார்.

துறைக் கூட்டத்தில் நீ செய்ததை இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை. ஆனால் டேப் உருளையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவும் இல்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் புதுச் சட்டைக்கு மாறிவிடுகிறது. நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா வினிகர் வெங்காயத்தை என் தட்டில் வைத்துவிட்டு, "எப்படிடா இருக்கு? உண்மையைச் சொல்லு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன்.