ஏழு நிமிடம் நாற்பது வினாடி

செயின்ட் ஆஸ்டல்
11 ஏப்ரல் 2023

ஜோரி,

என் தம்பி பெரன் கிளை முறிந்ததால் சாகவில்லை. நீ ஏறாததால் செத்தான்.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் நான் உன் மனைவியாகிவிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். அதனால் உன் எண்ணை முடக்கிவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஆறு மாதம் கழித்து, நேற்றுத்தான் தீயணைப்புத் துறையின் அறிக்கை வந்தது. அம்மா சமையலறையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். பெரன் மரத்தில் பதினான்கு மீட்டர் உயரத்தில் தன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். நீ பன்னிரண்டு மீட்டரில் இருந்தாய். 'மீட்பாளர் அசைவற்று இருந்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள்.

கீழே இறக்கத் தெரிந்த ஒருவர் அடியில் நிற்காமல் யாரும் மரத்தில் ஏறக்கூடாது. நாம் மூவரும் மரம் ஏறி வெட்டும் தொழிலைப் படித்த கல்லூரியில் முதல் நாள் முதல் வகுப்பில் சொன்னது இது. அன்று அந்த ஒருவன் நீ. குப்பை அள்ளவோ கிளை இழுக்கவோ மட்டும் நீ அங்கே நிற்கவில்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் போய் இறக்கத்தான் நின்றாய்.

இரண்டு மீட்டர், ஜோரி. நம் வீட்டுக் கதவின் உயரம்.

இப்போதைக்கு நான் அங்கே வரப்போவதில்லை. என் மழைக்கோட்டை அனுப்பு. ஏறும் பூட்ஸ் வேண்டாம்.

லொவென்னா


லிஸ்கர்ட்
16 ஏப்ரல் 2023

அன்புள்ள லொவென்னா,

கடிதம் நேற்று வந்தது. கோட்டை நாளைக்கு அனுப்புகிறேன். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ எழுதியது சரி. பன்னிரண்டு மீட்டர் ஏறினேன், அதற்கு மேல் ஏறவில்லை. என்ன நடந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் முழுதாகக் கேட்கவில்லை. போலீஸ் நேரத்தைக் கேட்டது. முதலாளி க்ளைவ், "மீட்புப் பை எங்கப்பா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். மரத்தடியில்தான் இருந்தது. விதிப்படி முதல் வெட்டுக்கு முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அது நோய் விழுந்த ஆஷ் மரம். உனக்குத் தெரியும், அதன் கிளை வளையாது, பிஸ்கட் மாதிரி உடையும். மேல் கிளை சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து சுழன்று வந்து அவனைத் தண்டோடு அடித்தது. ரம்பம் அவன் தொடையில் இறங்கியது. நான் அவசர எண்ணுக்குப் பேசிவிட்டு, இடுப்புக் கச்சையை மாட்டி, தண்டில் குத்தி ஏறும் கால் முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறினேன். அப்போது அவனுக்கு நல்ல நினைவு இருந்தது.

"மாமா, நிதானமா வா. நான் எங்கயும் போகல," என்றான்.

"பேசாத. காலை அழுத்திப் பிடி."

"இங்க இருந்து கடல் தெரியுது மாமா. நீ பாத்ததே இல்லையே, கீழயே நின்னுக்கிட்டு."

பன்னிரண்டு மீட்டரில் தண்டு இரண்டாகப் பிரிகிறது. அங்கே இடுப்பைத் தண்டோடு பிணைக்கும் கயிற்றில் இரண்டாவதைக் கவட்டைக்கு மேலே போட்டு மாட்டிவிட்டு, முதல் கயிற்றைக் கழற்ற வேண்டும். மாட்டினேன். ஆனால் முதல் கயிற்றின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. கொக்கி நன்றாகத்தான் இருந்தது. கைதான் திறக்கவில்லை. புதியது கழன்றுவிடும், விழுந்துவிடுவேன் என்று கைக்குத் தோன்றிவிட்டது. திற என்று கையிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அவன் பூட்ஸின் அடிப்பக்கம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. என் தலைக்கவசத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மழை என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். அவன் பேசுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. தீயணைப்பு ஏணி வந்தபோது முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. காலையில் எழுகிறேன், பூனைக்குச் சோறு வைக்கிறேன்.

ஜோரி


செயின்ட் ஆஸ்டல்
2 மே 2023

ஜோரி,

கோட் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை க்ளைவ் வந்திருந்தார், கையில் குங்குமப்பூ கேக்கோடு. செப்டம்பரில் டுரூரோவில் மரண விசாரணை. அதற்குக் கொடுக்கப்போகும் தாள்களை அம்மாவிடம் காட்டினார். கயிறு, கச்சை, கொக்கி எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதித்த சான்றுகள். அவற்றின் அடியில் மீட்புப் பயிற்சித் தாள்.

மார்ச் 9, 2022. மீட்பவர்: ஜோரி. உயரம் பன்னிரண்டு மீட்டர். எண்பது கிலோ பொம்மை. இறக்கிய நேரம் ஏழு நிமிடம் நாற்பது வினாடி. உடன் பயிற்சி செய்தவர்: பெரன். மேற்பார்வை: குழுத் தலைவி என்று என் கையெழுத்து.

"சொல்லிக் குடுக்க வேண்டியதெல்லாம் சொல்லிக் குடுத்தாச்சும்மா," என்றார் க்ளைவ். "அப்புறம் ஒரு மனுஷன் உறைஞ்சு போயிட்டான்னா கம்பெனி என்ன பண்ண முடியும்? உங்க மருமகனை நான் குறை சொல்லல. பாவம்."

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: "ஏழு நிமிஷத்துல இறக்கத் தெரிஞ்சவனுக்கு முப்பத்தொரு நிமிஷம் ஏன்டி பத்தல?"

நான் அவளுக்கு என்ன சொல்ல?

லொவென்னா


லிஸ்கர்ட்
9 மே 2023

அன்புள்ள லொவென்னா,

என்ன சொல்வது என்று உனக்குத் தெரியும்.

மார்ச் 9 அன்று யாரும் மரத்தில் ஏறவில்லை. கொட்டும் மழை. மழை நாளுக்குக் கூலி கிடையாது. பயிற்சிக்குத் தனி நாளும் கிடையாது, மழை நாளில்தான் செய்துகொள்ள வேண்டும். அதாவது கூலி இல்லாமல், வழுக்கும் மரத்தில். எட்டு மணிக்கு க்ளைவ் கூப்பிட்டார். நீ போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாய்.

"தாள் திங்கக்கிழமைக்குள்ள என் மேசைல இருக்கணும் லொவென்னா. இல்லன்னா சாலையோர மர ஒப்பந்தம் போச்சு. எப்படிச் செய்வியோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்."

நாம் மூவரும் வேனில் உட்கார்ந்து பாஸ்டி தின்றுகொண்டே எழுதினோம். பேனாவில் மை வரவில்லை. என் முழங்கையில் கிறுக்கிப் பார்த்தாய்.

"மாமாவுக்கு ஒரு மணி நேரம் போடு அக்கா. பொம்மையைத் தூக்குறதுக்குள்ள மூச்சு வாங்கிரும்," என்றான் பெரன்.

"உன்னைத் தூக்க நாலு பேரு வேணும்டா," என்றேன்.

நீ ஏழு நிமிடம் என்று எழுதினாய். "மொட்டையா ஏழுன்னு போட்டா எவன் நம்புவான்? நாப்பது செகண்டு சேர்த்துக்க," என்றான். சேர்த்தாய். மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

கல்லூரியை விட்ட பிறகு நான் மரத்தில் ஏறவே இல்லை. மூன்று வருடம் தரைவேலை. உனக்கு அது தெரியும், பெரனுக்கும் தெரியும். என் பெயர் தாளில் இருந்தது, அதனால் அவன் ஏறினான்.

உன்மேல் பழி போடவில்லை. நானும் கையெழுத்துப் போட்டவன். எல்லாக் குழுவிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதைத்தான் சொல்கிறேன், லொவென்னா. எல்லாக் குழுவிலும்.

ஜோரி


செயின்ட் ஆஸ்டல்
30 மே 2023

அன்புள்ள ஜோரி,

தெரியும். முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். இறுதிச்சடங்கிலேயே தெரியும். உன்னைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தால் அதை நினைக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

விசாரணைக்கு அம்மா முதல் வரிசையில் உட்காருவாள். அவளுக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள். ஒன்றை இன்னொன்று காகிதத்தில் கொன்றது என்று அவள் முன்னால் நின்று சொல்லச் சொல்கிறாயா? பொய்ச்சான்று எழுதினேன் என்று வழக்குப் போடலாம். இந்தத் தொழிலில் எனக்கு இனி இடம் இருக்காது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

நீ உறைந்துபோனாய் என்று உலகத்துக்கே தெரியும். அதை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறாய். பயிற்சி இருந்தும் உறைந்தாய், பயிற்சி இல்லாமல் உறைந்தாய், உனக்கு இதில் என்ன வித்தியாசம்? கேவலமான கேள்வி என்று எனக்கே தெரிகிறது. எழுதியதை அடிக்கப்போவதில்லை.

விட்டுவிடு. செப்டம்பர் முடிந்ததும் நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கதவுகளுக்குச் சாயம் அடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அடிக்கலாம். இதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

உன்
லொவென்னா


லிஸ்கர்ட்
12 ஜூன் 2023

அன்புள்ள லொவென்னா,

பன்னிரண்டு நாளாக உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். 'உன் லொவென்னா' என்று நீ எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது. சரி என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு தடவை எழுதவும் செய்தேன்.

சனிக்கிழமை கடையில் ஹெட்லியைப் பார்த்தேன். மீன்பிடிப் படகை விற்றுவிட்டு வந்தவர், ஐம்பது வயது இருக்கும். என் இடத்தில் க்ளைவ் அவரைத்தான் வைத்திருக்கிறார்.

"வேலை எப்படிண்ணே போகுது?" என்றேன்.

"படகை விடத் தேவலாம். குமட்டல் இல்ல."

"மீட்புப் பயிற்சி எல்லாம் ஆச்சா?"

"ஆச்சே. போன செவ்வாக்கிழம. கையெழுத்துப் போட்டேனே."

"மரத்துல ஏறுனீங்களா?"

அவர் சிரித்தார். "செவ்வாக்கிழமயா? அன்னைக்கு என்ன மழை, நீ ஊர்லயே இல்லியா?"

பால் வாங்கப் போனவன் வாங்காமல் வந்துவிட்டேன். ஹெட்லிக்கு மேலே இப்போது யாரோ ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ரம்பத்தை எடுக்கிறார்கள்.

இன்று காலை மரண விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். எனக்குப் பயிற்சி தரவே இல்லை, அந்தத் தாள் பொய் என்று சொன்னேன். அங்கே இருந்த பெண் நல்லவள், தேநீர் கொடுத்தாள். "தாள்ல உங்க கையெழுத்தே இருக்கே சார். மேற்பார்வையாளர் கையெழுத்தும் இருக்கு. அவங்க மறுக்கலியே," என்றாள். உறைந்துபோனவன் பழியைத் தள்ளப் பார்க்கிறான் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரன் பேச மாட்டான். க்ளைவ் வாயைத் திறக்க மாட்டார். மீதி இருப்பது நீ.

எனக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் இல்லை. கூட்டினாலும் குறைத்தாலும் எனக்கு உறைக்காது. அத்தையிடம் முதலில் நீயே சொல்லிவிடு, கூட்டத்தில் கேட்க விடாதே. நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் வருகிறேன்.

வீட்டுக்கு வருவதை இதோடு சேர்த்துப் பேரம் பேசாதே. அதை வாங்கிக்கொண்டு நான் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

ஜோரி


லிஸ்கர்ட்
2 செப்டம்பர் 2023

லொவென்னா,

ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலையில் எழுதியதற்கும் இல்லை. ஆகஸ்டில் அத்தை வீட்டு வாசல்வரை வந்தேன். மாடியில் திரை அசைந்தது. மணியை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு பேருந்து பிடித்துத் திரும்பிவிட்டேன்.

விசாரணை ஏழாம் தேதி வியாழன், காலை பத்து மணி. சாட்சிகள் பட்டியலில் உன் பெயர் மூன்றாவது. க்ளைவுக்குப் பின்னால், எனக்கு முன்னால். அவர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவார். அதன் பிறகு உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள், இது உங்கள் கையெழுத்தா என்று. ஆமாம் என்று சொல்லி நிறுத்திவிட்டால் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

நிறுத்தாதே. அன்று மழை, நாங்கள் வேனில் இருந்தோம், யாரும் ஏறவில்லை என்று சொல். க்ளைவ் போனில் சொன்னதைச் சொல். ஹெட்லியின் தாளையும் எடுத்துப் பார்க்கச் சொல்.

தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. புதன்கிழமைக்குள், சொல்வேன் அல்லது மாட்டேன், இரண்டில் ஒன்றை எழுதி அனுப்பு.

ஜோரி