மெழுகு பூசிய சமையல் நோட்டு

சேசு மரி சூசை துணை

சேலம்,
14-3-1962

என் அன்புள்ள அன்னாளுக்கு,

ஆரோக்கியசாமி எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் இங்கே சுகம். வேலூர் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று எழுதியிருந்தாய். இருதயக்காரர்களுக்கு உப்பு ஆகாதாம். டாக்டர் பேச்சைக் கேள், நாக்கின் பேச்சைக் கேட்காதே.

உன் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளுக்குத்தான் இத்தனை நாள் பதில் எழுத வரவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். சமையல் நோட்டை உன் தங்கை ஜெபமலரிடம் கொடுத்துவிட வேண்டுமாம், பிள்ளைகளுக்கு அவள் கைப்பக்குவம் பழகட்டுமாம். எனக்குப் புரியாது என்றா நினைத்தாய்? சேகோ மில்லில் ஜவ்வரிசி வறுக்கிறவன்தான், அதற்காக மூளையையுமா வறுத்துவிட்டேன்? வந்த கோபத்தில் நோட்டை ஒளித்து வைக்கத்தான் எடுத்தேன்.

பிரித்துப் பார்த்தால், அம்மாடி! பன்னிரண்டு வருஷம் உன் கையால் தின்றவன் ஒரு நாளும் இதைத் திறந்ததில்லை. பெரியவள் இசபெல்லாவுக்கு வயிறு சரியில்லாத வாரம் காய்ச்சிய கஞ்சிக்குக்கூடத் தேதி போட்டிருக்கிறாய். கொள்ளு ரசத்தின் ஓரத்தில், "அவருக்கு மிளகு அரைக் கரண்டி கூட. குறைந்தால் பேசமாட்டார்" என்று இருக்கிறது. நான் வாய் திறந்து கேட்டதே இல்லையே, எப்படித் தெரிந்துகொண்டாய்? அடுப்படியிலேயே மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

யாருக்கும் கொடுப்பதில்லை, இதைப் பார்த்து நானே சமைப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் நோட்டின் கதியைச் சொல்ல வேண்டுமே! எண்ணெய்க் கறை, புளிக் கறை, தொட்டால் ஓரம் உதிர்கிறது. கிழங்கு மாவிலேயே பிழைக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? சட்டைக்குப் போடுவதுபோல ஒரு பக்கத்துக்கு மரவள்ளிக் கஞ்சி போட்டேன். தாள் விறைப்பாகத்தான் நின்றது. மசி முழுவதும் கரைந்து ஓடிவிட்டது. கருணைக்கிழங்கு மசியல் போய்விட்டது, அன்னாள். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

மறுநாள் இசபெல்லா என் ஜெபப் புத்தகத்தின்மேல் தண்ணீரைக் கொட்டினாள். பக்கம் எல்லாம் நனைந்தது. மெழுகுதிரி சொட்டியிருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு ஓடியது. கீழே எழுத்து அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உடனே கோயிலில் மணியடித்துத் திரி ஏற்றும் கோயில்பிள்ளை சவரியாரிடம் ஓடி, மெழுகுதிரித் திருநாளில் மிஞ்சிய துண்டுகளைச் சமையல் நோட்டுக்குப் பூசக் கேட்டேன். கிழவர் எரிந்து விழுந்தார். "மந்திரிச்ச மெழுகப் போயி மீன் கொழம்புக்குக் கேக்கறியே, உனக்கே நல்லாருக்குதா சாமி?" என்றார். உன் நோட்டு என்று சொன்னதும் முகமே மாறிவிட்டது. "அன்னாளுதுன்னு மொதல்லயே சொல்றதில்லையா?" என்று ஒரு கூடை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

மெழுகைச் சீவித் தூவி, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஓட்டினேன். தாள் மெழுகைக் குடித்தது. மங்கிக் கிடந்த உன் எழுத்து நேற்று எழுதியதுபோலக் கறுத்து எழுந்தது. ஐயோ, அதை நீ பார்க்க வேண்டும்! முதல் பக்கத்தில் மட்டும் மெழுகு கூடிப்போய்ப் பின்பக்கமும் தெரிகிறது. இசபெல்லா அதிரசத்துக்குப் புளி கரைக்கச் சொல்லிப் படித்தாள். பிறகு கை பழகிவிட்டது. மூன்று ஓட்டை போட்டுத் தைத்து, கிழிந்த குடைத்துணியில் அட்டை போட்டிருக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஈரக்கையோடு புரட்டலாம். கறை பட்டால் துடைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபமலர் வந்தாள். நான் வைத்த கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரம் என்றாள். நீ எழுதியதை மறைக்காமல் சொன்னேன். "அக்கா நோட்டு எனக்கு வேண்டாங்க மாமா, அக்காளே வந்து ஆக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம் டாக்டர் எனக்குக் கையால் காட்டி விளக்கினார். இருதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரலை விட்டு, இறுகிப்போன வாசலைத் திறந்துவிடுவார்களாம். மனிதன் விரலுக்கு ஆண்டவர் இப்படியும் ஒரு வேலை வைத்திருக்கிறாரே என்று அன்று முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பயம்தான். ஆனால் உன்னை விட்டுக்கொடுக்கிற பயம் அதைவிடப் பெரியது.

நோட்டின் கடைசியில் நீ இன்னும் எழுதாத பக்கங்கள் முப்பத்தொன்று இருக்கின்றன. இசபெல்லா அவற்றுக்கும் மெழுகு தூவப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். மெழுகு ஏறிய தாளில் பேனா எழுதாது, அன்னாள். அவற்றை வெறுந்தாளாகவே விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாதா உன்னைக் கைவிடமாட்டாள். நான் வருவதற்குள், டாக்டர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு.

உன்
ஆரோக்கியசாமி