மாப்பிள்ளைக்கு வாங்காத வண்டி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று கருங்கலில் பத்துப் பேர் பார்க்க விழுந்தேன். பழைய வண்டி விற்கிற ராஜகுமாரின் கடை முற்றத்தில், நீண்ட பயணத்துக்கென்றே செய்த அந்த உயரமான பைக்கில் ஏறினேன். ஏறியது சரி. காலை ஊன்றப் பார்த்தால் தரை இல்லை. தரை இருந்தது, என் கால்தான் அவ்வளவு தூரம் போகவில்லை. வண்டியும் நானுமாக அவனுடைய வாழைக்கன்றின் மேல் சரிந்தோம்.

"ராஜமணி அண்ணாச்சி, இருபது வருசமா மினி பஸ் ஓட்டுத ஆளுல்லா நீங்க?"

"அதுல கால் ஊன்றாண்டாம்லே" என்றேன்.

இண்டிகேட்டர் ஒன்று உடைந்துவிட்டது. உடைத்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர முகமில்லை. வாங்கிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், விழாவிட்டாலும் வாங்கியிருப்பேன். குளச்சல்–கருங்கல், கருங்கல்–குளச்சல். நான் ஓட்டுகிற ரோடு எப்போதும் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு தடவையாவது கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கோவா வரை நேராகப் போக வேண்டும். மகள் லிஜியின் கல்யாணம் முடிந்த மறு வாரமே.

ஷெர்லியிடம், "மலிவா வந்துது, கைமாத்தி விட்டா ரெண்டு காசு நிக்கும்" என்றேன். ஐம்பத்துமூன்று வயதில் பெண்டாட்டியிடம் பொய்! அவள் சோறு வைத்தாள். குழம்பை நானே எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அடி கனமான பூட்ஸ் கேட்டேன். "மலை ஏறவா?" என்றான் கடைக்காரன். "வண்டி ஏற" என்றேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெபிஷின் அப்பா ஞானதாசன் முதல் பேச்சிலேயே, "ஒண்ணும் வேண்டாம், பிள்ளையைத் தந்தா போதும்" என்று சொன்ன மனிதர். லிஜியின் கண்டிப்பும் அதுதான். சீதனம் என்று எது கைமாறினாலும் அவளுக்குக் கல்யாணமே வேண்டாம்.

வாசலில் வண்டி நின்றது. ஞானதாசன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஒண்ணும் வேண்டாம்னுதானே சொன்னோம் சம்மந்தி? பின்னே எதுக்கு மாப்பிள்ளைக்கு வண்டி? செரி, ஆசையா தாறதை வேண்டாம்னு சொல்லப்பிடாது!"

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து என் வாயில் ஒரு முழு முந்திரிக்கொத்து. அதை மென்று விழுங்குவதற்குள் ஜெபிஷின் மாமா போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டார். ஜெபிஷ் தரையைப் பார்த்தான். கதவருகே நின்ற லிஜி உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போனதும் ஷெர்லி, "மாப்பிள்ளைக்குன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? நான் என்னெல்லாமோ நெனச்சுட்டேன்" என்றாள். நெய்மீன் குழம்பு. அவளே ஊற்றினாள். இப்படி ஊற்றுகிறவளிடம் எப்படி வாயைத் திறப்பது? சாப்பிட மட்டும் திறந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

லிஜி என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோயில் ஆராதனையில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆளுண்டா என்று சபையைக் கேட்பது. தடை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. திரும்பி வந்ததும் லிஜி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கொண்டுபோகதுக்கு வண்டியும் குடுத்து விடுதியளா? அவ்வளவுக்கு வேண்டாதவளா போயிட்டேனா நான்?"

சொல்லிவிட்டேன். "அது எனக்கு மக்கா. கோவா போக."

என் வயிற்றைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோவாவா! நாகர்கோயிலுக்குப் போனா மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு ஓடியாற ஆளு! பொய் சொல்லவும் தெரியல்லயேப்பா உங்களுக்கு."

ஆர்சி புத்தகம் என் பேரில்தான் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் அதை மாப்பிள்ளை பேருக்கு மாற்றப் போகிறேனாம்.

கோவமும் வெப்ராளமுமா வருது. ஏன், நான் போமாட்டேனா? இதுவரைக்கும் எங்கயாவது போயிருக்கேனா? இல்ல. செரி. ஆனா ஆசைப்படவுமா மாட்டேன்?

வண்டி அந்த வீட்டுக்குப் போனால் கல்யாணத்தை நிறுத்துவேன் என்று ஜெபிஷிடம் சொல்லிவிட்டாளாம். ஓலை வாசித்த பிறகு.

ஆகஸ்ட் 21, புதன்

கருங்கலில் எல்லாரும் இறங்கிய பிறகும் பஸ்ஸில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஜெபிஷ்.

"மாமா, எனக்கு அந்த வண்டி வேண்டாம். அப்பாகிட்டயும் சொன்னேன். பத்துப் பேருக்க முன்ன தந்ததை வேண்டாம்னா சம்மந்திக்கு மரியாதைக் குறைவுன்னு நிக்காரு. வண்டி முற்றத்துல நிக்கது வரைக்கும் அவரும் விடமாட்டாரு, லிஜியும் விடமாட்டா. வித்திருங்க மாமா. என்ஜின் கோளாறுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

நல்ல பையன். கொஞ்சம் கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஆசையா வாங்கினது, உங்களுக்கு வெசனமாத்தான் இருக்கும்" என்றான்.

"அதெல்லாம் இல்ல மக்கா" என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, சனி

குலசேகரத்துக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்தது. நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். குலசேகரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. பேச்சிப்பாறைக்கு விட்டேன். இரண்டு பக்கமும் ரப்பர், சின்னச் சாரல், ஏற்றத்தில் வண்டி முனகவேயில்லை. அணைப் பக்கம் நல்ல உயரமான கல் ஒன்று பார்த்து, அதில் கால் ஊன்றி நின்றேன்.

ஷெர்லி போன். "வாங்குத ஆளு காத்து நிக்காராம். எங்க இருக்கிய?"

"டிராபிக்" என்றேன். அங்கே நானும் ஒரு குரங்கும்தான் இருந்தோம்.

வண்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ். நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவனுக்கு இன்று ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

செப்டம்பர் 9, திங்கள்

லிஜியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. என்ஜின் கோளாறை ஞானதாசன் நம்பிவிட்டார். "பழைய வண்டில்லா, போட்டும் சம்மந்தி" என்று என்னைத் தேற்றினார்.

சாப்பாட்டுப் பந்தியில் லிஜி தன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "சீதனமா குடுக்க வாங்கி நிறுத்தின வண்டியை நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு வித்துட்டாரு எங்கப்பா" என்றாள். அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நானும் ஏதோ பெரிய மனிதன் போல முறுவலித்தேன்.

காரில் ஏறும் நேரம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களுக்குன்னு ஒரு ஆசையும் கிடையாதேப்பா."

முதுகில் தட்டிக் கொடுத்தேன். "பைய ஏறு மக்கா, சேலை கதவுல மாட்டிரும்" என்றேன்.

"உண்டு மக்கா" என்பதை மட்டும் சொல்லவில்லை.