வெள்ளாவியில் சுருங்கிய போர்வைகள்

மேய்ச்சல் பசுமை குன்றாமலும், ஆற்றுச் சக்கரம் நில்லாமலும் வெண்முகட்டு நாடு தழைக்க. அந்நாட்டுக் கம்பளிச் சாலைக்கு அமைச்சாகிய வெண்கொடி, பனிக்கணவாய்க் கோட்டையைக் காக்கும் படைத்தலைவர், 'வடதிசைக் கதவு' என விருது பெற்ற கடம்பத்தரையர்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் அடுப்பு அணையாதிருக்க. காவலர் யாவரும் நலம் பெறுக.

தாங்கள் கேட்ட போர்வைகள் வாரா. சுற்றி வளைத்துச் சொல்ல மனமில்லை.

நம் செம்மறியின் கம்பளியோடு, கடல் வணிகர் கொணர்ந்த நெடுங்கழுத்து ஆட்டின் மெல்லுரோமமும் கலந்து, சிக்கெடுத்து, ஆற்றுச் சக்கரம் சுழற்றும் கதிர்களில் நூற்று, ஆள் முழுதும் மூடும் அகலத்தில் நெய்து முடித்தோம். அத்தகைய கதகதப்பை நம் சாலை அதுவரை கண்டதில்லை. அரசரின் வாழ்த்துப் பெறுவதற்காக அவற்றை அரண்மனைக்கு அனுப்பினோம். பருத்தி உடுத்தும் கீழ்நாட்டிலிருந்து வந்த அரண்மனையார், வெள்ளாவி வைக்காத துணி அரசர் கைபடத் தகாதென்று, தம் வழக்கப்படி எல்லாவற்றையும் உவர்மண்ணில் தோய்த்து ஆவியில் அடுக்கிவிட்டனர். பருத்தி வெளுக்கும், கம்பளி என்ன செய்யும்? தொட்டில் பிள்ளையை மூடும் அளவாய், ஊசி இறங்காத தடிப்பாய்ச் சுருங்கிப்போயின. அவற்றை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அரசர்பெருமானோ, தாம் வாழ்த்திய துணி சுருங்காதென்றும், நெசவாளரே அளவு குறைத்து வஞ்சித்தனர் என்றும் கூறி, அவர்களைச் சிறையிலிட்டார். இன்று தறியில் உட்கார ஆளில்லை. ஆடுகளுக்கு மீண்டும் உரோமம் கத்தரிப்பது கோடையில்தான். காவலரைக் கீழே அழைத்துக்கொள்ளுமாறு காலில் விழுந்து வேண்டினேன். போர்வை அனுப்பியாயிற்று, இனிக் காவலை விலக்கக் காரணமில்லை என்று அருளினார். இதற்குப் பெயர் அருளாம். அந்தச் சிறு துண்டுகளே இப்போது கழுதை ஏறித் தங்களிடம் வருகின்றன.

ஆகவே ஆணையிடுகிறேன்: பனி வழியை அடைக்குமுன் காவலர் அனைவரோடும் இறங்கி வருக. பழி என் தலைமேல் ஆகுக. இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. கம்பளிச் சாலையின் ஆட்டுக்கொம்பு முத்திரையே உண்டு. அரச முத்திரை காணாமல் கோட்டையை விட்டு இறங்குவதில்லை என்று தாங்கள் வாளைத் தொட்டுச் சூளுரைத்தபோது அருகில் நின்றவள் நான். தாங்கள் இறங்கமாட்டீர் என்றே நெஞ்சு சொல்கிறது. ஆயினும் எழுதாமலிருக்க முடியவில்லை.

ஆட்டுக்கொம்பு முத்திரை இட்டு, கம்பளி நூலால் கட்டி விடுத்தேன். இது வெண்கொடி எழுத்து.

அமைச்சின் சொல் அங்கே செல்லாதென்றால், கடம்பா, உன் அக்காள் சொல்கிறேன். கீழே வந்துவிடு.